துளசிராமனின் கழுகுக் கண்

துளசிராமன் ஸ்கூட்டரை நிறுத்தி மாமனாருக்கு வணக்கம் வைத்தார். "இன்னா மாமா, எப்போ வந்தீங்க? ஒடம்பு எப்படி கீது?" என்று வாய் நிறைய விசாரிக்கவும் செய்தார். மாமனார் பதில் சொல்லவில்லை. மாப்பிள்ளை மேல் என்ன கோபமோ என்று துளசிராமன் இறங்கி நாலடி கிட்டே போனார். அப்போதுதான் மாமனாரின் காலடியில் 'கண்ணீர் அஞ்சலி' என்று எழுதியிருந்தது தெரிந்தது.

அது பேனர். படத்தில் இருந்தவர் யாரோ ஒரு புண்ணியவான், முந்தாநாள் காலமானவர். கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த சொந்தக்காரர்கள் அழுகையை நிறுத்திவிட்டுத் துளசிராமனைப் பார்த்தார்கள். பின் சீட்டில் இருந்த அவர் மனைவி ஹேமாவதி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

வண்டி கவரைப்பேட்டையில் வீடு வந்து சேர்ந்தது. வாசலில் இறங்கியதும் ஆரம்பித்தாள்.

"எங்க நைனா ஆந்திரா பக்கம் தடாவுல குத்துக்கல்லு மாதிரி கீறாரு. அவருக்கு ஏன் இப்பவே மாலை போடறீங்க?"

"பொழுது சாஞ்ச நேரம். வெளிச்சம் பத்தல."

"மத்தவங்களுக்கெல்லாம் பத்துச்சே?"

"ஹேமா, நான் கும்மிடிப்பூண்டி கம்பெனில குவாலிட்டி இன்ஸ்பெக்டர். இரும்புல மயிரிழை கீறல் இருந்தாலும் கண்டுபுடிச்சிருவேன். கழுகுக் கண்ணு!"

"கழுகு தூரத்துல இருக்கறதப் பாக்கும். நீங்க கைல இருக்கறத மட்டும் பாக்கறீங்க. இன்னா கழுகு இது?"

உண்மைதான். எதிரே இருபதடியில் வருகிற மனிதர் அவருக்கு வெறும் சட்டையாகத்தான் தெரிவார். அது துளசிராமனுக்கும் தெரியும். ஆனால் எப்படி ஒத்துக்கொள்வது? மச்சான் முரளி கண்ணாடி போட்ட புதிதில், கல்யாணப் பந்தியில் அத்தனை பேர் நடுவில், "வாய்யா சோடாபுட்டி!" என்று கூப்பிட்டுச் சிரித்தவர் இவர். அந்தச் சிரிப்பு இப்போது வட்டியும் முதலுமாகத் திரும்பி வரும்.

"நீங்க கண்ணாடி போடறவரைக்கும் உங்க வண்டில ஏற மாட்டேன்" என்றாள் ஹேமாவதி.

சொன்னதைச் செய்தாள். மார்க்கெட்டுக்கு ஷேர் ஆட்டோ. அது கிடைக்காவிட்டால் பக்கத்து வீட்டு கிரேஸின் ஸ்கூட்டர். பெண்டாட்டி முன்னால் போக, காலி சீட்டோடு புருஷன் பின்னால் போவதை ஊரே வேடிக்கை பார்த்தது.

"இன்னா சார், ஊட்ல பேஜாரா?" என்றார் பெட்டிக்கடைக்காரர்.

துளசிராமன் கூனிக் குறுகிப்போனார். பதினெட்டு வருஷமாக ஸ்பீடு பிரேக்கர் வந்தால் தோளைப் பிடிக்கிற கை இப்போது இல்லை. முதுகுப் பக்கம் வெறிச்சென்று இருந்தது. இதை வெளியில் சொல்ல முடியுமா?

அந்தச் சமயத்தில்தான் கம்பெனியில் இரண்டு நாள் கண் பரிசோதனை முகாம் போட்டார்கள். குடும்பத்தோடு வரலாம். துளசிராமன் நெஞ்சை நிமிர்த்தினார்.

"வா முகாமுக்கு. கடைசி வரி வரைக்கும் படிச்சுக் காட்டறேன். படிச்சிட்டா நீ பேசாம என் வண்டில ஏறணும்."

"படிக்கலன்னா?"

"நீ சொல்ற கண்ணாடிய போட்டுக்கறேன்."

"அது மட்டும் பத்தாது. தோத்தவங்க பின்னாடி உக்காரணும்."

துளசிராமனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எப்படியும் பின்னால் உட்காரப் போகிறவள் அவள்தானே! "டபுள் ஓகே" என்றார்.

முதல் நாள் ஷிப்டு முடிந்ததும் தனியாக முகாமுக்குப் போனார். பக்கத்துக்கு ஒரு மொழியாக எழுத்து ஒட்டிய விளக்குப் பெட்டிக்கு ஓரடி தூரத்தில் நின்று, தமிழ்ப் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை மென்று விழுங்கினார். சாயங்காலம் குளியலறையில் அசை போட்டார்.

"ட, ப... ந, ய, க... ர, ம, ட, ப..."

"உள்ள இன்னா சத்தம்?" என்று ஹேமாவதி கதவைத் தட்டினாள்.

"சுலோகம்!"

"எந்த சாமிக்கு?"

துளசிராமன் தண்ணீரை மொண்டு மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டார்.

மறுநாள் முகாமில், "மொதல்ல நான் பாத்துக்கறேன்" என்று ஹேமாவதி முன்னால் போய் உட்கார்ந்தாள். பரிசோதிக்கிற பெண்ணிடம் என்னவோ சொன்னாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே பெட்டியைத் திருப்பினாள். துளசிராமன் அதைக் கவனிக்கவில்லை. சுலோகத்தில் இருந்தார்.

அவர் முறை வந்தது. ஒரு கண்ணைக் கையால் பொத்தினார். மனப்பாடம் கலையாமல் இருக்க இன்னொரு கண்ணைத் தானாகவே சாத்திக்கொண்டார். மடமடவென்று கடைசி வரி வரை ஒப்பித்தார்.

"சார் கண்ணு கண்ணுதான்!" என்றான் வரிசையில் நின்ற சசிகுமார். அவர் செக்‌ஷனில் வேலை செய்கிறவன்.

"சார், இன்னொரு வாட்டி படிங்க" என்றாள் அந்தப் பெண்.

இன்னும் வேகமாகப் படித்தார்.

"சார், நீங்க படிக்கறது தமிழ்."

"ஆமா. தமிழ்தான் நமக்கு எல்லாம்."

"பெட்டில இருக்கறது தெலுங்கு சார்."

துளசிராமன் கண்ணைத் திறந்தார். கீழே எல்லாம் எறும்பு மொய்த்த மாதிரி இருந்தது. மேலே இருந்த ஒற்றைப் பெரிய எழுத்து மட்டும் தெரிந்தது. தடா பஸ்ஸின் நெற்றியில் பார்த்த எழுத்து. முதலில் சசிகுமார் சிரித்தான். பிறகு வரிசை முழுக்கச் சிரித்தது. துளசிராமனுக்குக் காது மடல் கொதித்தது. அந்த விளக்குப் பெட்டிக்குள்ளேயே புகுந்து கதவைச் சாத்திக்கொள்ளலாம் போலிருந்தது.

"நீதான் திருப்பி வெக்கச் சொன்னியா?" என்றார் வெளியே வந்ததும்.

"நான் தடாவுல தெலுங்கு பள்ளிக்கூடத்துல படிச்சவ. எனக்குத் தெரிஞ்ச எழுத்தக் கேட்டேன். அப்புறம், மறுபடி திருப்பாதீங்க, எங்க ஊட்டுக்காரு எந்தப் பக்கம் வெச்சாலும் ஒரே மாதிரி படிப்பாருன்னேன்."

அடுத்த வாரம் கண்ணாடி வந்தது. பிரேமைத் தேர்ந்தெடுத்தவள் ஹேமாவதி. முரளி போட்டிருக்கும் அதே கறுப்பு பிரேம். மாட்டிக்கொண்டு கடைக்கு வெளியே வந்தார் துளசிராமன். வேப்ப மரத்தில் இலை இலையாகத் தெரிந்தது. எதிர்க்கடை போர்டில் போன் நம்பர் தெரிந்தது. தன்னுடைய ஸ்கூட்டர் தெரிந்தது. அதன் முன் சீட்டில் ஹெல்மெட்டோடு ஹேமாவதி தெரிந்தாள்.

"ஏறுங்க. தோத்தவங்க பின்னாடி."

"உனக்கு வண்டி ஓட்டத் தெரியுமா?"

"எல்.எல்.ஆர். கூட வாங்கியாச்சு. கிரேஸ் வண்டிய இத்தனி நாளா யாரு ஓட்டிக்கினு போனதுன்னு நெனச்சீங்க? தினம் உங்க முன்னாடிதான போனேன்!"

துளசிராமன் ஏறி உட்கார்ந்தார். வண்டி அலுங்காமல் கிளம்பியது. ஸ்பீடு பிரேக்கர் வந்ததும் அவர் கை தானாகப் போய் அவள் தோளைப் பிடித்தது. கொஞ்ச தூரத்தில் அந்தப் பேனர் இன்னும் நின்றது. இறந்துபோனவருக்கு முகத்தில் பாதி மீசை. மாமனாருக்கு மீசையே கிடையாது. துளசிராமன் தலையைக் குனிந்துகொண்டார்.

ஹேமாவதி வண்டியை மெதுவாக்கினாள்.

"நிறுத்தட்டா? மாமாவ ஒரு எட்டு விசாரிச்சுட்டு வரீங்களா?"