முதுகுப் பட்டையைக் கொஞ்சம் பிடி

கவசம் மாட்டுகிறவர் என்று ஓர் இனம் நம்மிடையே உலவுகிறது. போருக்குப் போகிறவர் வேறு, கவசம் மாட்டுகிறவர் வேறு. குழப்பிக்கொள்ளாதீர்கள். முன்னவர் அடிபடுவார். பின்னவருக்கு அடிபட நேரமே இருக்காது.

இவரை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். தெருமுனைத் தபால் பெட்டி வரை போய்வர மழைக்கோட்டு, குடை, டார்ச், டார்ச்சுக்கு மாற்று பேட்டரி எல்லாம் எடுத்துக்கொண்டு, கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, தபாலை மேசையிலேயே வைத்துவிட்டது நினைவுக்கு வந்து, மறுபடி திறந்து, அதற்குள் மழை நின்றுவிட்டதால் மழைக்கோட்டைக் கழற்றி மடிப்புக் கலையாமல் மடித்து வைக்கிறாரே, அவர்தான். சமையலறையில் பல்பு மாற்ற வேண்டும் என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள். ஏணி வரும். ரப்பர் கையுறை வரும். கண்ணுக்குப் பிளாஸ்டிக் கண்ணாடி வரும். பல்பு வராது. அதை இன்னும் வாங்கவில்லை.

என் அப்பா இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி. தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவர். ஓய்வு பெற்றபின், ஹெல்மெட் போடச் சொல்லி அதட்ட ஆளில்லாமல் வாடினார். பரணிலிருந்து பாத்திரம் எடுக்கும்போது அம்மா ஹெல்மெட் போட வேண்டும் என்று அவர் ஆரம்பித்த அன்று, நான் ஒரு வி.ஆர். விளையாட்டு வாங்கிக் கொடுத்தேன். ஹெட்செட்டைத் தலையில் மாட்டினால், எதிரே பழங்காலக் கோட்டை. கையிலிருக்கும் கருவியை வீசினால் அது வாள்.

அந்த விளையாட்டில் பொத்தானை அழுத்திக் கவசம் அணிய முடியாது. ஒவ்வொரு தகடாகச் சுவரிலிருந்து எடுத்து, உடம்பில் பொருத்தி, பட்டையை இழுத்து, கொக்கி மாட்ட வேண்டும். அதற்கு வரிசை உண்டு. இரும்புக் கையுறை கடைசியில்தான். முதலிலேயே போட்டுக்கொண்டால் விரல் மடங்காது, வேறெதையும் மாட்டவும் முடியாது, கையுறையைக் கழற்றவும் முடியாது. முதுகுப் பட்டையைத் தானே மாட்டிக்கொள்ள வழியில்லை. இன்னொருவர் பின்னால் வந்து நின்று மாட்டிவிட வேண்டும். யாரோ ஒரு நிரலாளர் இதையெல்லாம் வேண்டுமென்றே எழுதியிருக்கிறார். அவர் வீட்டிலும் ஓர் அப்பா இருந்திருக்க வேண்டும்.

அப்பா அன்று முதல் அந்தக் கோட்டையின் ஆயுத அறையில் குடியேறினார். போர் வெளியே நடந்தது. அவரவர் வீட்டிலிருந்தே இணையத்தில் சேர்ந்து ஆடும் அணி அது; அதன் தலைவர் நிஜத்தில் ஒரு பல் டாக்டர்.

"சார், மதில்மேல ஏறிட்டாங்க! எங்க இருக்கீங்க?"

"இதோ வந்துட்டேன் டாக்டர். முழங்கால் தகடு லேசா ஆடுது."

"ஆடிட்டுப் போகுது சார், வாங்க!"

"எல்லா விபத்தும் இப்படித்தான் டாக்டர் ஆரம்பிக்குது."

துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா என்னைப் பார்ப்பாள். "வெளிய ஊரே வெட்டிட்டுச் சாகுது. இவரு உள்ள கொக்கி மாட்டிட்டு இருக்காரு. கல்யாணத்தன்னிக்கும் இதே கதைதான்."

அப்பா ஒரு முறையும் வாளை உருவியதில்லை. ஆனால் அவர் கவசத்தைப்போல மின்னும் கவசம் எந்தக் கோட்டையிலும் இல்லை. "முதுகுப் பட்டையைக் கொஞ்சம் பிடி" என்று அவர் குரல் கொடுத்தால், மரியாதைக்காகவாவது ஒருவர் போரைப் பாதியில் விட்டு ஓடிவருவார். பட்டையைப் பிடித்தபடியே முதுகில் அம்பு வாங்கிச் சாவார். அணியில் இதற்கென்றே முறை வைத்திருந்தார்கள்.

போன மாதம் அப்பா இறந்துபோனார். இதயம். வாசலில் விழுந்து கிடந்தார். ஒரு காலில் செருப்பு இருந்தது. மறு செருப்பு கையில் இருந்தது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பல் டாக்டர் போன் செய்தார். தயங்கித் தயங்கிப் பேசினார். அன்று மாலை கோட்டைப் போர். ஆயுத அறையில் ஒரு மணி தொங்குகிறது. நேரம் முடிவதற்குள் எதிரி அதை அடித்துவிட்டால் கோட்டை அவர்களுடையது. சுவரில் தொங்கும் கவசங்களும் அவர்களுடையவை.

"சாரோடதும் போயிடும். ஒரு ஆள் குறையுது. யாராவது சும்மா மணிகிட்ட நின்னா போதும். மத்தத நாங்க பார்த்துக்கறோம்."

நான் ஹெட்செட்டை எடுத்தேன். கண்ணாடி வில்லையைத் துடைத்தேன். பட்டையின் அளவைச் சரிசெய்தேன். பேட்டரியைப் பார்த்தேன். வில்லையை இன்னொரு முறை துடைத்தேன்.

"குடு இங்க," என்றாள் அம்மா. "நீ ரெடியாகறதுக்குள்ள கோட்டைய இடிச்சு வீடே கட்டிடுவான்."

அம்மா பார்ப்பது டிவி திரையிலும் தெரியும்படி வைத்தேன். ஆயுத அறை. மணி. சுவரில் அப்பாவின் கவசம்.

"எப்படித் துடைச்சு வச்சிருக்காரு பாரு. இத ஒருத்தன் தூக்கிட்டுப் போறதா? நானே போட்டுக்கறேன்."

"டாக்டர் சும்மா நிக்கத்தான் சொன்னாரு மா."

யார் கேட்டார்கள்? கால் தகடுகளை மாட்டினாள். மார்புக் கவசத்தை மாட்டினாள். அடுத்து, பளபளவென்று இருந்ததால், இரும்புக் கையுறையை எடுத்தாள்.

"ஐயோ, அது கடைசியில!"

"போட்டாச்சு."

அப்போது கதவு பிளந்தது. ஆளுயரக் கோடரியோடு ஒரு வீரன் நின்றான். மணிக்கும் அவனுக்கும் நடுவே, முதுகில் பட்டை தொங்க, விரல் மடங்காமல், என் அம்மா. வெளியே படிக்கட்டில் டாக்டர் எதிரித் தலைவரைத் தனியாளாக மறித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, நல்ல நேரத்துக்கு வந்தே. இந்த முதுகுப் பட்டையக் கொஞ்சம் பிடி."

கோடரி பாதியில் நின்றது. "ஆன்ட்டி, நான் எதிரி."

"எதிரியா இரு. யார் வேண்டாம்னா? கை சும்மாதானே இருக்கு?"

வீரன் யோசித்தான். பிறகு அவன் பார்வை கீழே போயிருக்க வேண்டும்.

"ஆன்ட்டி! கையுறைய யாராவது முதல்ல போடுவாங்களா?" அந்தக் குரலில் நிஜமான வேதனை இருந்தது. எனக்கு அந்த வேதனையைத் தெரியும். அதோடு ஒரே வீட்டில் வளர்ந்தவன் நான்.

கோடரியைச் சுவரில் சாய்த்து வைத்தான். சாய்த்தது நேராக இல்லையென்று மறுபடி சாய்த்து வைத்தான். அம்மாவின் கையுறைகளைக் கழற்றினான். குனிந்து பார்த்தான்.

"முழங்கால் தகடு தலைகீழா இருக்கே!"

படிக்கட்டிலிருந்து அவன் தலைவர் கத்தினார். "டேய், மணிய அடிடா!"

"ஒரு நிமிஷம் அண்ணா. இங்க ஒருத்தங்க எல்லாத்தையும் தப்பா மாட்டியிருக்காங்க."

"யாருடா?"

"எதிரி அண்ணா."



வீரன் ஒவ்வொரு கொக்கியாக மாட்டினான். மாட்டியதை இழுத்துப் பார்த்தான். "என்னமா பராமரிச்சிருக்காங்க! ஒரு கீறல் இல்ல. யாரோடது ஆன்ட்டி?"

"எங்க வீட்டுக்காரரோடது."

"அவர் வரலையா?"

"அவரு கிளம்பிட்டாரு பா," என்றாள் அம்மா. "தெருமுனைக்குப் போறதுன்னாலும் ஒரு மணி நேரம் ரெடியாவாரு. இதுக்கு மட்டும் ஒண்ணுமே மாட்டிக்காம கிளம்பிட்டாரு."

வீரன் பின்னால் போய் நின்றான். முதுகுப் பட்டையை இழுத்தான். திருப்தியில்லை. தளர்த்தி, மெதுவாக மறுபடி இழுத்தான்.

ஊதுகொம்பு ஒலித்தது. நேரம் முடிந்தது. மணியை யாரும் அடிக்கவில்லை. கோட்டை நம்முடையது.

"அம்மா, எப்படித் தடுத்தீங்க?" என்று டாக்டர் மூச்சிரைத்தார்.

"நான் எங்க தடுத்தேன்? மாட்டிவிடச் சொன்னேன்."

எல்லோரும் விளையாட்டிலிருந்து வெளியேறினார்கள். அம்மா கூடத்தின் நடுவில் ஹெட்செட்டோடு நின்றுகொண்டே இருந்தாள்.

"கழட்டி விடட்டுமா மா?"

"இரு. இப்பத்தான் சரியாப் பொருந்தியிருக்கு."

ஆக, இந்த இனத்தை இனிமேல் எங்கே கண்டாலும் சிரிக்காதீர்கள். அல்லது, சிரித்துவிட்டுப் பட்டையைப் பிடியுங்கள். நீங்கள் அந்த இனமில்லை என்கிறீர்களா? நல்லது. இதைப் படிக்க உட்காரும் முன் எதற்கோ கிளம்பிக்கொண்டிருந்தீர்களே, அது என்ன ஆயிற்று? மூக்குக்கண்ணாடியை எத்தனை தடவை துடைத்தீர்கள்?

சரி, சரி. திரும்பி நில்லுங்கள். பின்னால் ஒரு பட்டை தொங்குகிறது.