விழாத கோடு

குறைதீர்ப்புத் துறையின் கூட்ட அறைக்கு ஒலிமட்டக் காட்டி ஒன்று அவசியம் என்று மேலிடம் தீர்மானித்தது. யார் எவ்வளவு சத்தமாகப் பேசுகிறார்கள் என்று விளக்குகளால் காட்டும் கருவி. பேசப் பேசப் பச்சை விளக்குகள் ஏறும், இறங்கும். ஏறிய உச்சத்தில் மட்டும் ஒரு சிவப்புக் கோடு சற்று நின்றுவிட்டு விழும். இதை வடிவமைக்கும் மாபெரும் பொறுப்பு, ஒன்பது வருடமாகத் தற்காலிக ஊழியனாக இருந்த அடியேனிடம் ஒப்படைக்கப்பட்டது.

துணை இயக்குநர் வரைபடத்தைப் புரட்டினார்.

"இந்தக் கோடு எவ்வளவு நேரம் நிக்கும்?"

"ரெண்டு செகண்ட் சார்."

"அப்புறம்?"

"விழுந்துடும்."

"இயக்குநர் பேசினாலுமா?"

"யார் பேசினாலும் சார். கண்ணு பாக்குறதுக்குத்தான் அது நிக்குது."

"அவர் குரல் உச்சத்துக்குப் போயிட்டு, ரெண்டே செகண்ட்ல, அவர் கண்ணு முன்னாடியே விழணுமா? யோசிச்சுப் பேசுய்யா."

யோசித்தேன். என்னை நிரந்தரமாக்கும் கோப்பு அவர் மேசையில், டீ கிளாசுக்கு அடியில் கிடந்தது. கோடு விழாது என்று எழுதிக் கொடுத்தேன். கோட்டை இறக்க ஒரு பொத்தான் வைத்திருந்தேன். அது ஒழுங்கீனத்துக்கு வழிவகுக்கும் என்று பிடுங்கச் சொன்னார். பிடுங்கினேன்.

திறப்பு விழாவில் இயக்குநர் மைக் முன்னால் வந்து நின்றார். வேலை செய்கிறதா என்று பார்க்க விரலால் இரண்டு தட்டு தட்டினார். டொக், டொக். கோடு ஒரே தாவலில் கடைசி விளக்கில் போய் உட்கார்ந்தது. பிறகு நாற்பது நிமிடம் முழங்கினார். பாதி உயரம்கூட எட்டவில்லை. ஆக, துறையின் வரலாற்றிலேயே தலைசிறந்த கருத்து அந்த டொக்தான்.

மறுவாரம் சுற்றறிக்கை வந்தது. 'கோட்டுக்குக் கீழே உள்ள சத்தம் அனைத்தும் ஏற்கெனவே கேட்கப்பட்டதாகக் கருதப்படும். கோட்டைத் தொடும் குறைகள் மட்டுமே பதிவு செய்யப்படும்.' எனக்கு அது நியாயமாகவே பட்டது. நிரந்தர ஆணை அன்று காலையில்தான் கைக்கு வந்திருந்தது.

முதல் மனுவோடு வந்தவள் என் அக்கா. அவள் வீட்டு வாசலில் சாக்கடைக் குழிக்கு மூடி இல்லை. அத்தான் அதில் விழுந்து, கால் ஒடிந்து படுத்திருக்கிறார்.

"வாசல்ல குழிங்கய்யா!" என்றாள் மைக்கில்.

"பாதிதாம்மா ஏறியிருக்கு," என்றார் துணை இயக்குநர், சுவரில் மாட்டியிருந்த காட்டியைப் பார்த்தபடி.

அக்கா தொண்டை கிழியக் கத்தினாள். பின்னால் நின்ற தெருக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"ரெண்டு விளக்கு கம்மி. அடுத்த வாரம் வாங்க."

அக்கா என் பக்கம் திரும்பினாள். "தம்பி, நீ செஞ்சதுதானே இது? கொஞ்சம் இறக்கி விடேன்டா."

"பொத்தான் இல்லக்கா."

வெட்கமாகத்தான் இருந்தது. வெட்கத்தை அளக்க அந்த அறையில் கருவி இல்லாததால் தப்பித்தேன்.

அந்த ஆண்டு துறையில் ஒரு குறைகூடப் பதிவாகவில்லை. குறையே இல்லாத துறை என்று கேடயம் கொடுத்தார்கள். எனக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ். அதே அறையில் விழா நடந்தது. எல்லோரும் கைவலிக்கத் தட்டினோம். கோடு அப்படியே இருந்தது.

சான்றிதழைப் பார்த்தால் அக்காவின் கோபம் ஆறும் என்று நேராக அவள் வீட்டுக்குப் போனேன். அதில் என் பெயரைச் சரியாக எழுதியிருக்கிறார்களா என்று படித்துக்கொண்டே நடந்தேன். வாசலுக்கு வந்ததும் காலுக்கடியில் தரை இல்லை.

இடுப்பளவு சாக்கடை. சான்றிதழ் மிதந்தது.

"அக்கா! தூக்கி விடுக்கா!"

மேலே ஒவ்வொரு தலையாக எட்டிப் பார்த்தது. எல்லாம் அன்று அவளோடு நின்று கத்திய முகங்கள். ஒருவரும் கை நீட்டவில்லை. கடைசியில் அக்கா வந்தாள். குனிந்து, நான் கத்துவதைப் பொறுமையாகக் கேட்டாள்.

"ரெண்டு விளக்கு கம்மியா இருக்கேடா தம்பி," என்றாள்.