நாளை கம்பெனி லீவு

நான் செய்த சோதனைகளிலேயே முழு வெற்றி பெற்றது ஒன்றுதான். அதில் என் தாய்மாமாவுக்கு வேலை போயிற்று.

திருப்பூரில் மாமா மேனேஜராக இருந்த பனியன் கம்பெனிக்கு, ஆட்களின் செல்போனுக்குச் செய்தி அனுப்பும் சாஃப்ட்வேரை எங்கள் ஆபீஸ் செய்துகொண்டிருந்தது. டெஸ்டிங் என் வேலை. (மாமா சிபாரிசில் கிடைத்த முதல் வேலை. என் பந்தாவைக் கேட்கவா வேண்டும்!)

டெஸ்டிங் புரோகிராமுக்கு 'போர்ட்' என்று ஒரு வாசல் உண்டு. செய்தி அதன் வழியாகத்தான் வெளியே போகும். அந்த வாசலை எந்த சிஸ்டத்தோடு இணைப்பது என்று முதலில் சொல்லிவிட வேண்டும். அதற்குப் பெயர் மேப்பிங். அப்புறம் 'அனுப்பு' என்றால் போதும், எதிரே யார் என்று அது கேட்காது. சோதனைக்கென்றே ஒரு பொம்மை சிஸ்டம் வைத்திருப்போம். எதை அனுப்பினாலும் விழுங்கிவிட்டு 'கிடைத்தது' என்று பதில் சொல்லும். யாருக்கும் போகாது.

அன்று காலை பனியன் கம்பெனி முதலாளிக்குச் செய்து காட்ட, வாசலை நிஜ சிஸ்டத்தோடு இணைத்து, அவர் போனுக்கு மட்டும் ஒரு வணக்கம் அனுப்பினேன். பாராட்டு வாங்கிய மிதப்பில் இணைப்பைக் கழற்ற மறந்தேன். சாயந்திரம், மேனேஜர் முதல் வேன் டிரைவர் வரை மொத்தப் பட்டியலுக்கும் அனுப்பிப் பார்க்கும் சோதனை. மற்றவர்கள் 'டெஸ்ட் டெஸ்ட்' என்று அடிப்பார்கள். மேதாவியான நான், நிஜம்போல இருக்கட்டுமே என்று, 'கரண்ட் ஷட்டவுன். நாளை கம்பெனி லீவு' என்று அடித்தேன். எல்லாருக்கும் கிடைத்ததாகப் பச்சையில் காட்டியது. பொம்மைதானே சொல்கிறது என்று பரோட்டா சாப்பிடப் போனேன்.

மறுநாள் காலை மாமா போன் செய்தார். பின்னால் ஒரே கோயில் மணி.

"கண்ணு, உன்ற மெசேஜ் அருமையா வேலை செய்யுது போ! லீவுன்னு பாத்ததும் வீட்டுல எல்லாத்தையும் கூட்டிக்கிட்டுப் பழனிக்கு வந்துட்டனாக்கும். எத்தன வருசத்து வேண்டுதல் தெரியுமா?"

இணைப்பைக் கழற்றாதது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. அன்றுதான் ஷிப்மெண்ட். உடுமலைப்பேட்டையிலிருந்து ஆட்களை ஏற்றி வரும் வேன்கள் வரவில்லை, பேக்கிங்குக்கு ஓர் ஆள்கூட வரவில்லை. கப்பல் போய்விட்டது, ஆர்டரும் போய்விட்டது.

முதலாளி முன்னால் நின்று அழுதேன். "தப்பு என்னுதுங்க. மாமாவ ஒன்னுஞ் சொல்லாதீங்க."

"ஷிப்மெண்ட் இருக்கையில லீவுன்னா, மேனேஜரு எனக்கொரு போன் போட்டுக் கேக்க வேண்டாமுங்களா?" என்றார்.

மாமாவை நிறுத்திவிட்டார். ஒரே செய்திக்கு அத்தனை பேரும் கட்டுப்பட்டதைப் பார்த்து, சாஃப்ட்வேரை மட்டும் வாங்கிக்கொண்டார். (ஆபீஸில் எனக்குப் பாராட்டு வேறு! எங்கே போய் முட்டிக்கொள்வது?)

அதற்குப் பிறகு மாமாவுக்கு மேனேஜர் வேலை எங்கும் அமையவில்லை. ஒரு சின்ன யூனிட்டில் செக்கிங் பார்க்கிறார். வீட்டில் நான் எதைச் சொன்னாலும், "நெசமாவா, டெஸ்டிங்கா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். போன தை மாதம் என் கல்யாணத்திலும் அதே சிரிப்புதான். தாய்மாமன் சீரைச் செய்துவிட்டு, மாமா சாப்பிடாமலே கிளம்பினார்.

"இன்னிக்கு ஒரு நாள் லீவு போடலீங்களா மாமா?"

"லீவா?" சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தார். "மெசேஜ் ஒன்னும் வரலியே கண்ணு."

மண்டபமே சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.