கப்பலில் மாமனாருக்குப் பங்காளியான கதை

வம்ச ஆராய்ச்சியாளன் என்று பெயர் எடுப்பதைப் போலச் சுலபமான காரியம் உலகத்தில் கிடையாது. கல்யாண வீடுகளில் நாலு பெருசுகளிடம் கொள்ளுத்தாத்தா பெயரைக் கேட்டு, கட்டம் போட்டு எழுதினால் போதும். அரியலூரில் நான் அப்படித்தான் அறிஞன் ஆனேன். (அறிஞன் என்று சொன்னது நான் மட்டும்தான்.)

சென்னையிலிருந்து கிளம்பும் சொகுசுக் கப்பலில் குடும்ப வரலாற்று மாநாடு என்று அழைப்பு வந்தது. துணைக்கு ஒருவர் வரலாம். எனக்கு நிச்சயமாகியிருந்த கயல்விழியைக் கூட்டிப்போனால் அரியலூரே பேசும். அதனால் அவள் அப்பாவைக் கூட்டிப்போனேன். மனிதர் அரியலூரில் ரயில் ஏறியதிலிருந்து எழும்பூர் வரை தன் முன்னோர் பெருமையையே பேசிக்கொண்டு வந்தார்.

கப்பலில் பார்த்தால், ஒவ்வொருவரின் வம்சப் படமும் மேசையிலிருந்து வழிந்து தரையில் புரண்டது. மலேசியாக்காரர் ஒருவருடையதை நடந்துகொண்டே படிக்கவேண்டியிருந்தது. என்னுடையதோ கொள்ளுத்தாத்தாவோடு நின்றுவிட்டது. மானப் பிரச்சினை. ரயிலில் கேட்ட பெயர்கள் காதிலேயே இருந்தன. விக்கிரமங்கலம் பெரியண்ணனையும் அவருடைய அப்பாவையும் தூக்கி என் கொள்ளுத்தாத்தாவுக்கு மேலே உட்கார வைத்தேன். மாமா சாப்பாட்டு ஹாலை விட்டு அசையமாட்டார் என்கிற தைரியம்தான்.

நான் மைக்கில் முழங்கிக்கொண்டிருந்தபோது மாமா ஐஸ்கிரீம் கிண்ணத்தோடு உள்ளே வந்தார்.

"ஏன் மாப்ள, பெரியண்ணன் எங்க கொள்ளுத்தாத்தாவாச்சே. ஒங்க படத்துல எப்படி உக்காந்திருக்காரு?"

நான் அசரவில்லை. "அதாங்க மாமா ஆராய்ச்சி. ஒங்க குடும்பமும் எங்க குடும்பமும் ஒரே வம்சம்."

அரங்கமே கைதட்டியது. மாநாட்டுத் தலைவர் ஓடிவந்து எங்கள் இருவரையும் கட்டிப்பிடிக்க வைத்து போட்டோ எடுத்தார். ஐஸ்கிரீம் என் சட்டைக்குள் இறங்கியது.

சத்தம் அடங்கியதும் மாமா மெல்லச் சொன்னார். "ஒரே வம்சம்னா நாம பங்காளி. நீங்க எனக்கு மவன் முறை, எம் பொண்ணு ஒங்களுக்குத் தங்கச்சி. தங்கச்சி கழுத்துல எப்படித் தம்பி தாலி கட்டுவீங்க?"

'மாப்ள' போய்த் 'தம்பி' வந்துவிட்டதைக் கவனித்தேன். கல்யாணத்தை நிறுத்தச் சொல்ல அவர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேல்தளம் முழுக்க நடந்தார். நடுக்கடலில் டவர் இல்லை. கடலுக்கு இன்றும் நான் கடன்பட்டவன்.

"நானா இட்டுக்கட்டுனதுங்க மாமா" என்று கெஞ்சினேன்.

"மைக்குல சொன்னதை மைக்குலயே மாத்துங்க."

கயல்விழியை இழப்பதைவிட மானத்தை இழப்பது மேல் என்று தோன்றியது. நிறைவு விழாவில் மேடையேறி, அத்தனை அறிஞர்கள் முன்னால், "பெரியண்ணனுக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. படத்துக்கு நீளம் போதாமல் அவரை நான் திருடினேன்" என்றேன். யாரும் கைதட்டவில்லை. மாமா மட்டும் முதல் வரிசையில் நின்று வீடியோ எடுத்தார். இறங்கி வந்ததும், "சத்தம் சரியா விழல மாப்ள, இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். அந்த வீடியோவைச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போட்டுக் காட்டிய பிறகுதான் பத்திரிகை அடித்தார்கள்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. இப்போதும் எங்களுக்குள் வாக்குவாதம் வந்து நான் ஜெயிக்கப்போகும் நேரத்தில், அதுவும் வீட்டில் நாலு விருந்தாளிகள் இருக்கும்போது, கயல்விழி நிதானமாக ஒரே வார்த்தை சொல்வாள்.

"சரிங்கண்ணே."