தண்ணி லாரி பாலம் தாண்டிவிட்டது

ஒரு காட்டில் மழை நின்றுபோய் வெகுகாலம் ஆகிவிட்டது. குளம் வறண்டதால் முதலை நடைப்பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தது. எல்லாருக்கும் எல்லார் மேலும் எரிச்சல்.

ஒருநாள் காலையில் புலி ஒரு முயலைப் பிடித்து வாயைப் பிளந்தது. பழைய கதை என்றால் இந்த இடத்தில் முயலுக்கு அருமையான தந்திரம் ஒன்று தோன்றும். நம் முயலுக்கு வாயில் வந்தது ஒரு பச்சைப் பொய்.

“அண்ணாச்சி, குடம் வச்சாச்சா?”

“என்ன குடம்லே?”

“தண்ணி லாரி வருதுல்லா! பாலம் தாண்டிட்டாம்.”

புலி யோசித்தது. காய்ந்த தொண்டையில் முயல் இறங்காது, விக்கும்.

“சரி, முதல்ல தண்ணி. அப்புறம் நீ. ஆனா எங்கிட்ட குடம் இல்லையே?”

“குடத்துக்குப் பதிலா என்னை வைங்க அண்ணாச்சி.”

புலி முயலைச் சாலையோரம் வைத்து முதல் இடத்தைப் பிடித்தது. அந்தக் காட்டில் ஒரு சட்டம் உண்டு. குடமோ கல்லோ, வைத்ததை எடுத்தால் இடம் போச்சு. இனி லாரி வரும்வரை புலி முயல் மேல் பல்லை வைக்க முடியாது.

சேதி பரவியது. யானை அண்டாவோடு வந்தது, கரடி உடைந்த வாளியோடு வந்தது. மான் ஒரு கல்லை வைத்துவிட்டுப் புலிக்கு நேர் பின்னால் நின்றுகொண்டு, “கொஞ்சம் தள்ளி நில்லுங்க, மூச்சு முட்டுது” என்று புலியையே அதட்டியது. வரிசை என்று வந்துவிட்டால் மானுக்கும் கொம்பு முளைத்துவிடுகிறது.

அப்புறம் பேச்சு களைகட்டியது. கரடி தலைக்குக் குளிக்கப் போவதாகச் சொன்னது. எருமை முதலில் கொஞ்சம் சேறு போதும் என்றது, சற்று நேரத்தில் படிக்கட்டு வைத்த நீச்சல் குளம் கேட்டது. முதலையோ, “என் குளத்துல எவனும் துணி துவைக்கக் கூடாது, சொல்லிட்டேன்” என்று இல்லாத தண்ணீருக்குச் சண்டை போட்டது. எத்தனையோ காலம் கழித்துக் காடு சிரித்தது.

“நான் பாயசம் வைக்கப் போறேன். உனக்கும் ஒரு டம்ளர் உண்டுலே,” என்றது புலி.

“எப்ப அண்ணாச்சி? என்னைத் திங்கறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

“முன்னாடிதான். நான் என்ன ஈவு இரக்கம் இல்லாதவனா?”

அந்த நேரம் பார்த்து, பாம் பாம் என்று ஹார்ன் அடித்துக்கொண்டு நிஜமாகவே ஒரு தண்ணி லாரி வந்து நின்றது.

காடே குதித்தது. முயலுக்கு மட்டும் ‘அப்புறம் நீ’ என்று புலி சொன்னது நினைவுக்கு வந்தது. டிரைவர் குரங்கு குழாயைத் திறக்கப் போனபோது முயல் கத்தியது:

“ஐயோ, இது உப்புத் தண்ணி! நல்ல தண்ணி லாரி பின்னாடி வருது!”

“யோவ், இதுவே நல்ல தண்ணிதான்யா. குடிச்சுப் பாருங்க,” என்றது குரங்கு.

குடித்துப் பார்க்க வாளியை எடுக்க வேண்டும். எடுத்தால் பின்னால் வரும் லாரிக்கு இடம் போய்விடும். யாரும் அசையவில்லை.

“உப்புத் தண்ணில பாயசம் வைக்க முடியுமாலே? வண்டியை எடு!” என்று புலி உறுமியது.

“நீச்சல் குளத்துக்கும் ஆகாது,” என்றது எருமை.

குரங்கு தலையில் அடித்துக்கொண்டு வண்டியைத் திருப்பியது. லாரி ஒழுகிக்கொண்டே போன ஈரத்தடத்தைப் பார்த்து முயல் எச்சில் விழுங்கியது. அதற்கும்தான் தாகம்.

“நல்ல தண்ணி லாரி எங்கலே வருது?” என்று கேட்டது புலி.

“பாலம் தாண்டிட்டாம் அண்ணாச்சி,” என்றது முயல். இந்தத் தடவை சொல்லும்போது அதற்கே கொஞ்சம் நம்பிக்கை வந்துவிட்டது. எதற்கும் இருக்கட்டும் என்று கழுத்தை நீட்டிச் சாலையைப் பார்த்தது.

நீதி: கஷ்ட காலத்தில் உயிரைப் பிடித்து வைத்திருப்பது கனவுதான். ஆகவே, யாராவது வந்து அதை நிறைவேற்றிவிடாமல் ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்ளவும்.