நாற்பத்திரண்டாம் பக்கத்து நீலக் கதவு

அன்பும் பொறுமையும் நிறைந்த மைத்துனருக்கு, உங்கள் அக்காவின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலமில்லை. உங்கள் அக்கா பரம நலம். பெட்டியே கட்டி முடித்துவிட்டாள். அங்கு தாங்கள் கட்டாயம் நலமாக இருக்க வேண்டும், ஏனென்றால் இதைக் கண்டதும் கிளம்பி வர வேண்டியிருக்கும்.

விஷயம் இதுதான். வெளிநாட்டுச் சுற்றுலாவுக்கு டிக்கெட் போடத் திங்கட்கிழமைதான் கடைசி நாள். இரண்டு இடம் சொல்லி வைத்திருக்கிறோம். ஒன்று உங்கள் அக்காவுக்கு, இன்னொன்று யாருக்கு என்பதில்தான் சிக்கல். நம்பகமான வழிகாட்டிப் புத்தகம் இல்லாமல் முன்பின் தெரியாத ஊரில் கால் வைக்க மாட்டேன் என்றேன். இதில் என்ன தப்பு? முப்பத்தொரு வருடம் ரயில் நிலைய விசாரணை ஜன்னலில் உட்கார்ந்து, கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொன்னவன் நான்.

கடையில் மூன்று பதிப்பகங்களின் புத்தகங்கள் இருந்தன. பார்க்காத நாட்டைப் பற்றி எவன் புளுகுகிறான் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதே மூன்று பேரும் எங்கள் ஊரைப் பற்றியும் புத்தகம் போட்டிருக்கிறார்கள். அவற்றை வாங்கி இங்கேயே சோதித்துப் பார்த்துவிடலாம் என்று, தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாகச் சுற்றுலாப் பயணி மாதிரி கிளம்பினேன். உங்கள் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

முதல் புத்தகம் மணிக்கூண்டில் ஏறினால் ஊர் முழுவதும் தெரியும் என்றது, ஏறினேன், எதிரே புதிதாகக் கட்டிய துணிக்கடையின் பின்சுவர்தான் தெரிந்தது, அதற்குள் காவலாளி கீழே பூட்டிக்கொண்டு சாப்பிடப் போய்விட்டான், இரண்டு மணி நேரம் மேலிருந்து கத்தினேன், போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் சந்தோஷமாகக் கையசைத்தார்கள். இரண்டாம் புத்தகம் ஏரிக்குப் பதினான்காம் எண் பேருந்து என்றது, ஏறினேன், அது நேரே பணிமனைக்குள் போய் நின்றது, "எறங்குங்க சார், இது வண்டி கழுவுற எடம்" என்றார் ஓட்டுநர், இறங்குவதற்குள் கழுவத் தொடங்கிவிட்டார்கள். சொட்டச் சொட்ட வீட்டுக்கு வந்தால், உங்கள் அக்கா மூன்றாம் புத்தகத்தை வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரிக்கிறாள்.

அதில் எல்லாம் சரி. பேருந்து சரி, நேரம் சரி, தபால் நிலையத்தில் எந்த ஜன்னலில் கூட்டம் குறைவு என்பதுகூடச் சரி. ஆனால் நாற்பத்திரண்டாம் பக்கம்! அப்படியே எழுதுகிறேன்: 'அருங்காட்சியகம் போகும் வழியில், நீலக் கதவு வீட்டு வாசலில் கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர் கேட்காமலேயே வழி சொல்வார். மிகவும் நல்லவர். நன்றி சொல்லிவிட்டு எதிர்ப்பக்கம் போகவும்.'

மைத்துனரே, எங்கள் தெருவில் நீலக் கதவு ஒன்றுதான்.

"இது அவதூறு! இவங்க புத்தகம் இந்த வீட்டுப் படி ஏறக் கூடாது" என்றேன்.

"மூணுல இது ஒண்ணுதான் உண்மையச் சொல்லுது. நான் இவங்க போட்ட வெளிநாட்டுப் புத்தகத்த நம்பித்தான் போகப்போறேன்."

"அப்ப நான் பொய் சொல்றவனா?"

"பொய் சொல்லலீங்க, தப்பாச் சொல்றீங்க. கல்யாணம் ஆனதுலேர்ந்து ஒங்ககிட்ட நான் வழியே கேட்டதில்ல. கவனிச்சீங்களா?"

கவனிக்கவில்லை. அது சுருக்கென்றது.

திங்கட்கிழமைக்குள் அந்தப் புத்தகத்தை ஒப்புக்கொள்ளாவிட்டால் என் இடம் பக்கத்து வீட்டு டீச்சருக்காம். டீச்சர் நடப்பதற்குப் புதுச் செருப்பே வாங்கிவிட்டார். உள்ளதைச் சொன்னால் எனக்குப் பயமாக இருக்கிறது. அங்கே உங்கள் அக்கா எதையாவது பார்த்துவிட்டு "இங்க பாருங்களேன்" என்று திரும்பும்போது பக்கத்தில் டீச்சர் நிற்பதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. அதற்காக, முப்பத்தொரு வருட உழைப்பை ஒரு பக்கத்துக்கு விட்டுக்கொடுக்கவும் முடியாது. ஆகவே தாங்கள் உடனே வந்து, அந்தப் புத்தகம் சுத்தப் புளுகு என்று அவளிடம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

குழந்தைகள் நன்றாகப் படித்து, கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்லி வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
என்றும் வழி தவறாத உங்கள் அத்தான்

பி.கு.: இதைத் தபாலில் போட வெளியே வந்தேன். வாசலில் ஒரு வெளிநாட்டுத் தம்பதி. அருங்காட்சியகத்துக்கு வலது பக்கம் போங்கள் என்றேன். கதவைப் பார்த்தார்கள், கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார்கள், நன்றி சொல்லிவிட்டு இடது பக்கம் போனார்கள். புத்தகத்தின் வண்டவாளத்தை நேரிலேயே பார்த்துவிடலாம் என்று பின்னாலேயே போனேன். அருங்காட்சியகம் அங்கேதான் இருக்கிறது. இடம் மாறி எட்டு வருடம் ஆகிறதாம். சந்து சந்தாக அவர்கள் பின்னால் வந்ததில் எனக்கு வீட்டுக்குப் போகும் வழியும் தெரியவில்லை. வேறு வழியில்லாமல் உங்கள் அக்காவுக்குப் போன் செய்து கேட்டேன். "அங்கயே நில்லுங்க, நான் வர்றேன். அப்படியே போயி ரெண்டு டிக்கெட்டையும் போட்டுட்டு வந்துரலாம்" என்றாள். அருங்காட்சியகப் படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். தாங்கள் கிளம்ப வேண்டாம்.