யம்ராஜின் ஒத்தைப்படம்

தாராவியில் போலீஸுக்குப் பயப்படாதவர்கள் உண்டு. மழைத்தண்ணீர் கட்டில் வரைக்கும் ஏறினாலும், கட்டடம் இடிக்கிறவர்கள் வந்து சுவரில் நம்பர் எழுதிவிட்டுப் போனாலும் அசையாதவர்கள் உண்டு. ஆனால் கழுத்தில் கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு மனிதர் ஹாலுக்குள் நுழைந்தால், அறுபது வயதைத் தாண்டிய அத்தனை பேரும் தூணுக்குப் பின்னால் ஒளிவார்கள். அப்படி ஒரு போட்டோகிராபர் பம்பாயில் இதற்கு முன் பிறந்ததில்லை, இனிமேல் பிறக்கவும் வேண்டாம்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஏதோ இருக்கத்தான் வேண்டும். எங்களுக்கு அவர் யம்ராஜ். எங்கள் சால் குடியிருப்பில் இருந்த இந்திக்காரப் பிள்ளைகள் வைத்த பெயர் அது. எமனை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். திருநெல்வேலிப் பக்கத்து ஆள். நெடுநெடுவென்று உயரம், குழிவிழுந்த கன்னம், முகத்தில் சிரிப்பு மருந்துக்கும் கிடையாது. தொண்ணூறு அடி ரோட்டில் ஒரு மாவுக் கடைக்கும் தோல்பைக் கடைக்கும் நடுவில் அவருடைய ஸ்டுடியோ இன்றைக்கும் ஜாம்ஜாமென்று நடக்கிறது.

தொழில் என்னவோ மங்களமான தொழில்தான். நிச்சயதார்த்தம், வளைகாப்பு, காதுகுத்து. ஆனால் மனிதர் உள்ளே வந்ததும் பொண்ணையும் பார்க்க மாட்டார், மாப்பிள்ளையையும் பார்க்க மாட்டார். முதலில் நாற்காலிகளை ஒரு நோட்டம் விடுவார். இருமுகிறவர் யார், கைத்தாங்கலாக வந்தவர் யார் என்று கண்ணாலேயே பொறுக்குவார். பிறகு ஓரமாக, வெறும் சுவராகப் பார்த்து ஒரு ஸ்டூலைப் போடுவார்.

"பெரியவரே, இங்கன வாரும். ஒத்தையா."

அந்த 'ஒத்தையா' காதில் விழுந்ததும் பெரியவருடைய பெண்டாட்டி பிள்ளைகளின் முகத்தில் ஈயாடாது. கூட்டத்தோடு எடுக்கிற படம் ஆல்பத்துக்கு. ஒத்தையாக எடுக்கிற படம் எதற்கு என்று தாராவியில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அதோடு விட்டாரா?

"சிரிக்காதீரும்வே. சிரிச்ச படத்துக்கு மாலை போட்டா பாக்கச் சகிக்காது."

இதை அந்த மனிதரின் முகத்துக்கு நேராகவே சொல்வார்! உதை வாங்காமல் இத்தனை வருஷம் எப்படித் தொழில் செய்தார் என்பதுதான் எனக்கு இன்றுவரை விளங்காத சங்கதி.

ஒருநாள் நானே கேட்டுவிட்டேன். என் அம்மா அவரை அண்ணாச்சி என்று கூப்பிடுவாள் என்பதால் எனக்கு அவர் மாமா.

"ஏன் மாமா, நல்ல நாளும் அதுவுமா வயசானவங்கள இப்படிப் பயமுறுத்துறீங்க?"

"மருமவனே, ஆளு போனப்புறம் படத்துக்கு யாருகிட்ட வருவானுவ? எங்கிட்டத்தான். பந்தியில எடுத்த படத்தக் கொண்டாந்து, 'இதுல அப்பாவ மட்டும் வெட்டிக் குடுங்க'ம்பான். மூணாவது சந்துல போய்ப் பாரு. அப்பிடி வெட்டிக் குடுத்த ஒரு மனுசன் இன்னமும் செவத்துல இருந்து அப்பளத்தக் கடிச்சிட்டு இருக்காரு. சந்தனப் பொட்டு வேற வச்சிருக்கானுவ அப்பளத்து மேல."

போய்ப் பார்த்தேன். நிஜம்தான். சிரிக்கவும் முடியவில்லை, கும்பிடவும் முடியவில்லை.

நிச்சயதார்த்த பேனர் அடிப்பதும் அவர்தான், கண்ணீர் அஞ்சலி பேனர் அடிப்பதும் அவர்தான். அவருடைய கம்ப்யூட்டரில் இரண்டும் அக்கம்பக்கத்தில் குடியிருந்தன. ஒருமுறை மாட்டுங்காவில் ஒரு நிச்சயதார்த்தத்துக்கு வாசலில் கட்டிய பேனரில் பொண்ணும் மாப்பிள்ளையும் மேகத்துக்குள் நின்றார்கள். கீழே இரண்டு குத்துவிளக்கு, மேலே பறந்து போகிற வெள்ளைப் புறா. தாம்பாளத்தோடு வந்த மாப்பிள்ளையின் தாய்மாமன் அதைப் பார்த்து நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டார். யம்ராஜ் கொஞ்சமாவது கலங்க வேண்டுமே!

"வெளக்கு மங்களந்தானவே? புறா சமாதானந்தானவே? என்ன கொறையக் கண்டீரு?"

பால் பூத் தாத்தா என்று ஒருவர் உண்டு. ஒரு பந்தியில் யம்ராஜ் ஸ்டூலைத் தூக்கியதைப் பார்த்ததும் சாம்பார்க் கையோடு பின்வாசல் வழியாக ஓடி, படியில் வழுக்கிக் காலை ஒடித்துக்கொண்டார். மறுநாள் ஆஸ்பத்திரிக்கு யம்ராஜ் பார்க்கப் போனார், ஆரஞ்சுப் பழத்தோடு. பழத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. தோளில் கேமராப் பையும் தொங்கியது. தாத்தா போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரர் டிரிப்ஸைப் பிடுங்கிவிட்டார். தாத்தா அந்தக் காலோடு இன்றைக்கும் நடமாடுகிறார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதை மட்டும் யாரும் கணக்கில் சேர்க்க மாட்டார்கள்.

இப்படி ஊரார் கதையாகச் சிரித்துக்கொண்டிருந்த எனக்கு, ஒருநாள் அது சொந்தக் கதையாகிவிட்டது.

என் தங்கை செல்விக்குத் தாணேயில் ஒரு இடம் குதிர்ந்தது. பையனுக்கு ஐரோலியில் கம்ப்யூட்டர் வேலை. தங்கமான பையன், செல்விக்கும் பிடித்துப்போயிற்று. அதே சமயத்தில்தான் அம்மாவுக்கு வயிற்றில் கட்டி என்று டாக்டர் சொன்னார். ஆபரேஷனுக்கெல்லாம் காலம் கடந்துவிட்டது என்றார். விஷயம் அப்பாவுக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். அம்மாவிடம் அல்சர் என்று சொல்லிவைத்தோம், செல்வியிடமும் அதே அல்சர்தான்.

தாணேக்காரர்களிடம் மூச்சுவிடவில்லை. தாய்க்கு வந்தது மகளுக்கும் வரும் என்று சம்பந்தம் முறிந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். செல்வி கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர அம்மாவுக்கு வேறு ஆசை கிடையாது. அது நின்றுபோனால் கட்டிக்கு முன்னால் அதுவே அவளைக் கொன்றுவிடும். நிச்சயதார்த்தத்துக்கு யம்ராஜைத்தான் சொல்லியிருக்கிறேன் என்று வேறு சொன்னார் அப்பா. உடம்பு பாதியாகிப்போன அம்மாவை அவர் கண் பொறுக்கி எடுக்காமல் விடுமா? ஹாலில் அத்தனை பேர் முன்னால் 'ஒத்தையா' என்று கூப்பிட்டுவிட்டால்?

ஸ்டுடியோவுக்கு ஓடினேன். கம்ப்யூட்டரில் ஒரு செத்துப்போன பெரியவருக்குக் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தார்.

"மாமா, அம்மாவ மட்டும் ஒத்தையாக் கூப்பிட்டுராதீங்க."

"ஏன்?"

சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன், வெட்கமில்லாமல். அவர் திரும்பவே இல்லை. கோட்டுக்கு மேல் டையை வைத்தார், எடுத்தார், மறுபடியும் வைத்தார்.

"கூப்பிட மாட்டேன். நீ மொதல்ல மூஞ்சியத் தொடச்சிக்கோ. இந்த மூஞ்சியோட ஹால்ல நின்னா நான் கூப்பிடவே வேண்டாம், அவனுவளே கண்டுபிடிச்சிருவானுவ."

நிச்சயதார்த்தத்தன்று மனிதர் சொன்ன சொல் தவறவில்லை. மற்ற கிழடுகளை எல்லாம் வழக்கம்போல ஸ்டூலில் உட்காரவைத்துப் பயமுறுத்தினார். அம்மா இருந்த பக்கம் திரும்பவே இல்லை. மோதிரம் மாற்றியாகிவிட்டது. இன்னும் ஒரு பந்திதான், அது முடிந்தால் தப்பித்தோம் என்று நினைத்தேன். அப்போது சம்பந்தி அப்பாவிடம் வந்தார்.

"மதினி ரொம்ப வீக்கா இருக்காங்களே. ஒடம்பு, தபியத் ஏதும் சரியில்லையா?"

"விரதம்," என்றார் அப்பா.

"என்ன விரதம்?"

"சஷ்டி."

"சஷ்டி போன வாரமே போயிருச்சே!"

"இது... அடுத்த சஷ்டிக்கு," என்றார் அப்பா. பொய் சொல்லத் தெரியாத மனிதரைக் கூட்டாளியாகச் சேர்த்தால் இப்படித்தான். சம்பந்தி முகத்தில் சந்தேகம் எழுதி ஒட்டியிருந்தது.

அந்த நேரம் பார்த்து அம்மா எழுந்தாள். பட்டுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராகச் சுவரோரம் போய் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"ஏன் அண்ணாச்சி, எல்லாரையும் ஒத்தையா எடுக்கியளே, என்னைய மட்டும் ஏன் விட்டுட்டிய?"

யம்ராஜ் கூப்பிட்டு ஆள் ஓடியதுண்டு. தானாகப் போய் உட்கார்ந்த ஆளை அதுவரை யாரும் பார்த்ததில்லை. அப்பா என் கையைப் பிடித்த பிடியில் நகம் இறங்கியது. தாணேக்காரர்கள் அம்மாவைப் பார்த்தார்கள், ஸ்டூலைப் பார்த்தார்கள், அப்புறம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முடிந்தது கதை என்று நினைத்தேன்.

யம்ராஜ் கேமராவை இறக்கினார். ஹாலைப் பார்த்துத் திரும்பி ஒரு கத்து கத்தினார்.

"பந்திக்கு ஒருத்தரும் எந்திரிக்கப்பிடாது! ஒத்தைப்படம் எடுக்காம யாருவே எல போட்டது? பொண்ணு வீடு, மாப்பிள்ளை வீடு, அத்தன பேரும் ஒத்தையா ஒக்காந்து எடுத்தாத்தான் நிச்சயம் செல்லும். எங்க பக்கத்து மொறையாக்கும்! தங்கச்சி, நீங்க எந்திரிச்சி வரிசையில வாங்க. சம்பந்திக்குத்தான் மொத எடம்."

அப்படி ஒரு முறை எந்தப் பக்கத்திலும் கிடையாது. அந்த நிமிஷத்தில் அவர் வாயில் பிறந்த முறை அது. ஆனால் மூன்று தலைமுறையாகப் பம்பாயில் இருக்கிற நம்மவர்களிடம் 'முறை' என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். தெரியாது என்று ஒருத்தன் ஒத்துக்கொள்ள மாட்டான். தாணேக்காரர்களில் மூத்தவர் ஒருவர் தொண்டையைச் செருமினார்.

"ஆமாமா. எங்க தாத்தா காலத்துல உண்டு. இப்பத்தான் விட்டுப்போச்சு."

அவ்வளவுதான். சம்பந்தி ஸ்டூலுக்குப் போன நடை இருக்கிறதே, தூக்குமேடைக்குப் போகிறவன்கூட இன்னும் தெம்பாகப் போவான். "ஷுகர் நார்மல்தான், பி.பி.யும் நார்மல்தான்" என்று யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டு போனார். அடுத்து சம்பந்தியம்மா. அப்புறம் மாப்பிள்ளை, செல்வி, நாதஸ்வரக்காரர், கரண்டியோடு சமையல்காரர், கைக்குழந்தைகள் எல்லாம். அப்பா கண்ணை இறுக்க மூடிக்கொண்டு உட்கார்ந்தார். "கண்ணத் தெறயும்வே! கண்ணு மூடின ஆள எடுக்க எனக்கு வேற எடம் இருக்கு" என்று யம்ராஜ் ஒரு அதட்டுப் போட்டார். ஆறிப்போன சாம்பாருக்கு முன்னால் நூறு பேர் சாவுக் களையோடு வரிசையில் நின்ற நிச்சயதார்த்தம் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும்.

அந்த நூறு பேரில் ஒருத்தியாக அம்மாவின் முறை வந்தது. லைட் ஸ்டாண்டைப் பிடிக்கச் சொல்லி அப்போதுதான் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு நிறுத்தினார் யம்ராஜ்.

"நாடிய லேசாத் தூக்குங்க தங்கச்சி. ம்... சிரிங்க."

அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து நான் கேட்டதே இல்லை. அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கும் எனக்கும் அவருக்கும் மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"சிரிச்சா மாலை போட்டுப் பாக்கச் சகிக்காதும்பியளே அண்ணாச்சி."

அல்சராம் அல்சர்! எல்லாம் தெரிந்துதான் அந்த ஸ்டூலுக்கு வந்திருக்கிறாள். அப்பளம் கடிக்கிற படமாகப் போய்விடக் கூடாது என்று வந்திருக்கிறாள்.

"அத நான் பாத்துக்கிடுதேன். நீங்க சிரிங்க," என்றார் யம்ராஜ்.

அம்மா சிரித்தாள். முகமெல்லாம் பல்லாகச் சிரித்தாள்.

செல்வியின் கல்யாணத்தை அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தாள். அதற்கப்புறம் அதிக நாள் இருக்கவில்லை. அந்தப் படம்தான் திலக் நகரில் இப்போது நான் குடியிருக்கிற வீட்டுச் சுவரில் இருக்கிறது. மாலை போட்டாலும் நன்றாகத்தான் இருக்கிறது.

ஒத்தைப்பட முறையோ பரவிவிட்டது. தாணேயிலும் ஐரோலியிலும் நம்மவர்கள் வீட்டு நிச்சயதார்த்தத்தில் இப்போது அதற்கென்று பூ ஜோடித்த நாற்காலியே போடுகிறார்கள். "எங்க டிரெடிஷன்" என்று பெருமையாக வேறு சொல்கிறார்கள். யம்ராஜிடம் சொன்னால், "எவன்வே இந்தக் கூத்த ஆரம்பிச்சது?" என்பார்.

அம்மாவின் கருமாதி முடிந்து எல்லாரும் கிளம்புகிற நேரத்தில் சம்பந்தியம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"எங்க பக்கத்துல அப்படி ஒரு முறையே கிடையாது தம்பி. எனக்கு அன்னிக்கே தெரியும்."

"அப்ப ஏன் அத்தை ஒண்ணும் கேக்கல?"

"கேக்கலாம்னுதான் ஸ்டூல்ல போய் உக்காந்தேன். 'அந்த அம்மாவுக்கு என்ன?'ன்னு மெதுவாக் கேட்டேன். 'ஒண்ணுமில்ல தாயி, நாடியத் தூக்குங்க'ன்னார். தூக்கிப் பாத்தா, மனுஷன் கேமராவுக்குப் பின்னால பொலபொலன்னு அழுதுட்டு நிக்கறார். அதுக்கு மேல நான் என்னத்தக் கேக்க? எழுந்து போய் உங்க அம்மா பக்கத்துல நின்னுக்கிட்டேன்."

ஹால் முழுக்க ஏமாற்றிய மனிதர், ரகசியத்தைக் கோட்டைவிட்டது அந்த ஒரு இடத்தில்தான். இதை இன்றுவரை நான் அவரிடம் சொல்லவில்லை. யம்ராஜ் அழுதார் என்று தாராவியில் தெரிந்தால் அப்புறம் எந்தக் கிழவர் அவருக்குப் பயப்படுவார்? நீங்களும் வெளியே சொல்லிவிடாதீர்கள்.